வலது ஓரம் தேய்ந்த ஸ்பூன்

ஞாயிற்றுக்கிழமை காந்தி வீதியில்
பழைய ஜீன்ஸ் குவியலுக்கும் ரிமோட் உறைகளுக்கும் நடுவே
தார்ப்பாய் விரித்திருப்பார் சவரியான்.
பூட்டு, குழாய்முனை, கை கழன்ற பொம்மை,
எல்லாவற்றுக்கும் அடியில்
கறுத்துப்போன ஒரு முள்கரண்டி.
"எவர்சில்வர் இல்லம்மா, பித்தளையும் இல்ல,
என்னவோ ஒண்ணு. நூத்தம்பது குடு."

ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் வேலை எனக்கு.
கைப்பையில் லென்ஸ் கிடந்தது.
காம்பின் பின்புறம் எச்சில் தொட்டுத் தேய்த்தேன்:
நடந்துகொண்டிருந்தது ஒரு சிங்கம்,
எறும்பைவிடச் சின்னதாக.
பக்கத்தில் நங்கூரம்.
கப்பல்காரன் சாமான் என்றுதான் நினைத்தேன்.
கடலே இல்லாத பர்மிங்காமின் முத்திரையாம் அது,
பிறகு படித்தேன்.
நூற்றைம்பதில் வாங்க மனம் ஒப்பவில்லை,
ஐந்நூறு கொடுத்தேன்.
அவருக்குச் சந்தேகம் வந்துவிட்டது.
அடுத்த வாரத்திலிருந்து
துருப்பிடித்த ஆணிக்கும் விலை ஏறியது.

ஏழு வருடத்தில் பத்தொன்பது சேர்ந்தன,
ஒன்றுக்கொன்று சொந்தமில்லாதவை.
ஒரு மீன்கத்தி. சர்க்கரை இடுக்கி.
உப்பு அரிக்காதிருக்க உள்ளே பொன் பூசிய
கட்டைவிரல் அளவு உப்பு ஸ்பூன்.
இரண்டை சோகன்லால் அடகுக்கடையில்
உருக்கப் போகும் தட்டிலிருந்து
எடைவிலைக்குப் பொறுக்கினேன்.
"லாக்கர்ல வைங்க மேடம்."
சாப்பிடத்தான் என்றேன்.
ரசீது எழுதும் பேனா ஒரு நொடி நின்றது.

"சோத்துக்கு எதுக்குடி சிங்கம்?"
என்பார் முருகவேள், கையால் பிசைந்தபடி.
முட்டைக்கு மட்டும் எவர்சில்வர் எடுப்பேன்,
வெள்ளியில் பட்டால் மாலைக்குள் கறுத்துவிடும்.
மற்றபடி வத்தக்குழம்பு, தயிர்சாதம், இடியாப்பத்துக்குத் தேங்காய்ப்பால்,
எதற்கும் தடையில்லை.
உடனே கழுவி, பழைய வேட்டித் துணியில் ஈரம் ஒற்றி,
வெள்ளிக்கிழமை மட்டும் விபூதி போட்டுத் துலக்குவேன்.
எடுக்காமல் வைத்தவற்றின்மேல்தான்
கடல்காற்று மஞ்சள் பூசிவிட்டுப் போகும்.

துலக்கத் துலக்கத்தான் விரலுக்குத் தெரிந்தது.
ஸ்பூன்கள் எல்லாமே
நுனியில் இடது ஓரம் தேய்ந்தவை.
சூப்புத் தட்டின் அடியைச் சுரண்டிச் சுரண்டி
வலது கைகள் தின்ற வெள்ளி.

பன்னிரண்டாவது மட்டும்
கடலூர் முதுநகரில்
யாரோ வீடு காலிசெய்த சாமான்களில் கிடைத்தது.
அதில் தேய்ந்திருந்தது வலது ஓரம்.
தவறாகப் பிடித்திருக்கிறேனோ என்று
திருப்பிப் பார்த்தேன்.
இல்லை.

ஆறு வயதில் ஒரு கல்யாணப் பந்தியில்
இலைக்கு நீண்ட என் இடது கையை
அத்தை ஓங்கித் தட்டினாள்.
"பீச்சாங்கை, பீச்சாங்கை."
பக்கத்து இலைக்காரரின் பட்டுவேட்டியில் பாயசம்.
அப்புறம் ஒரு கோடை முழுக்கச்
சாப்பாட்டு நேரத்தில் சடை ரிப்பனால்
அந்தக் கையை இடுப்போடு கட்டினார்கள்.
நரம்பு தேடி ஊசி ஏற்றுவது இன்றும் அதுதான்.
நோயாளிகள் யாரும் எந்தக் கை என்று கேட்டதில்லை.

இந்த ஸ்பூன்காரர்,
ஆணோ பெண்ணோ, சுழித்த இரண்டெழுத்தில் பெயர் பிடிபடவில்லை,
எத்தனை வருடம் இடது கையால் உண்டிருக்கிறார்!
யாரும் தட்டிவிடவில்லை போலிருக்கிறது.
அல்லது தட்டியும் விடவில்லை.

போன வாரம் சோகன்லால் போன் செய்தார்:
வெள்ளி எங்கேயோ போயிடுச்சு மேடம், எடை போட்டுப் பாருங்க.
போட்டேன், ஆய்வகத் தராசில், மதிய இடைவேளையில்.
அதே அளவு ஜோடியைவிட
நான்கு கிராம் குறைவு பன்னிரண்டாவது.
அந்த நான்கு கிராமுக்கு
சோகன்லாலிடம் விலை கிடையாது.

நேற்று சேமியா பாயசம்.
இடது கையில் எடுத்தேன்.
பழக்கமில்லாத கை, இரண்டாம் வாயில் நைட்டியில் கொட்டிற்று.
முருகவேள் பார்த்தார்,
தண்ணீர்ச் சொம்பை
என் வலப்பக்கத்திலிருந்து இடப்பக்கத்துக்கு நகர்த்தினார்,
பிறகு அவருக்குப் பிறகு தர முடியாது என்று முந்திரியைப் பொறுக்கித் தின்றார்.

கிண்ணத்தின் அடியில் கொஞ்சம் ஒட்டியிருந்தது.
சுரண்டினேன்.
வளைவுக்குச் சரியாகப் பொருந்தியது
வலது ஓரம்.